வடசென்னைக்குத் திரை விரித்த இரகுபதி வெங்கையா

முன்னுரை

வடசென்னையின் வரலாறு பெரும்பாலும் கப்பலோடும் இருப்புப் பாதையோடும் ஆலைச் சங்கொலியோடும் இணைத்தே எழுதப்படுகிறது. 1856ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி இராயபுரத்திலிருந்து புறப்பட்டதை நம் மாணவர்கள் அறிவர். 1914 செப்டம்பர் 22ஆம் நாளிரவு எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்க் கலங்களைச் சுட்டெரித்ததையும் அறிவர். ஆயின் பகலெல்லாம் மூட்டை சுமந்தும் தறி ஓட்டியும் களைத்த இப்பகுதி மக்கள் மாலை வேளையில் எங்கே சென்று இளைப்பாறினர், அவர்களுக்கெனத் திரை விரித்தவர் யார் என்ற வினாக்களுக்கு விடை அறிந்தோர் மிகச் சிலரே.

என் பாட்டனார் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் தொழிலாளியாக இருந்தவர். இராயபுரத்திலிருந்து பழைய சிறைச்சாலைச் சாலை வழியே நடந்து சென்று, தங்கசாலைத் தெருவிலிருந்த கிரௌன் திரையரங்கில் படம் பார்த்த இரவுகளை என் அத்தாவிடம் அவர் பலமுறை கூறியுள்ளார். அத்தா அதனை எங்களுக்குக் கூறினார். கேட்டு வளர்ந்த நான், அந்த அரங்கைக் கட்டியவர் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவ்வினாவை நாற்பது வயதுக்குப் பின்னரே கேட்கத் தோன்றியது. அதற்குக் கிடைத்த விடைதான் இரகுபதி வெங்கையா என்னும் பெயர். அவர்தம் வாழ்வைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறைமுக நகரங்களும் திரைப்படமும்

1895 டிசம்பர் 28ஆம் நாள் பாரிசு நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு அசையும் படங்களைக் காட்டினர். ஏழு மாதங்கள் கூட நிறையுமுன் 1896 சூலை 7ஆம் நாள் பம்பாயின் வாட்சன் விடுதியில் அப்படங்கள் காட்டப்பட்டன. 1897 சனவரியில் பிலிப்பைன்சு நாட்டின் மணிலா நகரிலும் காட்சிகள் தொடங்கின. சென்னையும் 1896-97 காலப்பகுதியிலேயே இப்புதுமையைக் கண்டுவிட்டது.

பம்பாய், சென்னை, மணிலா ஆகிய மூன்றும் துறைமுக நகரங்கள் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. படம் காட்டும் பொறி, படச்சுருள், ஒளிவிளக்குக்குரிய கரிக்கோல் ஆகிய யாவும் மேனாட்டிலிருந்து கப்பலில் வந்தவை. படம் காட்டுவோரும் ஒரு துறைமுகத்தில் இறங்கிச் சில நாள் காட்சி நடத்தி, அடுத்த துறைமுகத்துக்குக் கப்பலேறியவர்களே. எனவே கடல் வழியே வந்த பல பொருள்களைப் போலவே திரைப்படமும் துறைமுக நகரங்களிலேயே முதலில் இறங்கியது.

தொடக்கத்தில் சென்னையில் படம் காட்டியவர்கள் வெள்ளையர்களே. மவுண்ட் ரோட்டில் இயங்கிய எலெக்ட்ரிக் அரங்கு அத்தகையது. அதன் கட்டடம் பிற்காலத்தில் அண்ணா சாலை அஞ்சலகத்தின் ஒரு பகுதியாயிற்று. கறுப்பர் நகரம் என முன்னாளில் வழங்கப்பெற்று, 1906க்குப் பின் சார்ச் டவுன் என அழைக்கப்பெற்ற வடபகுதியின் எளிய மக்களுக்கு இவ்வரங்குகள் தொலைவில் இருந்தன. பாதையால் மட்டுமன்று, பழக்கத்தாலும் தொலைவில் இருந்தன. அத்தொலைவைக் குறைத்தவரே வெங்கையா.

பிறப்பும் இளமையும்

இரகுபதி வெங்கையா 1869 அக்டோபர் 15ஆம் நாள் மசூலிப்பட்டினத்தில் பிறந்தார். அவ்வூரும் ஒரு துறைமுகமே. அவருடைய குடும்பம் கல்வியாலும் ஒழுக்கத்தாலும் பெயர் பெற்றது. தமையனார் இரகுபதி வெங்கடரத்தினம் நாயுடு ஆந்திர நாட்டின் தலைசிறந்த சமூகச் சீர்திருத்தவாதிகளுள் ஒருவர். பிரம்ம சமாசத்தைச் சார்ந்தவர். காக்கிநாடா பித்தாபுரம் அரசர் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1925 முதல் 1928 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கியவர். செல்வர் இல்லங்களில் நடன மகளிரை ஆடச் செய்யும் வழக்கத்தை எதிர்த்து அவர் நடத்திய இயக்கம் பெரிதும் பேசப்பட்டது.

தமையனார் ஆடலரங்குகளை மூடச் சொன்ன காலத்தில் தம்பியார் படவரங்குகளைத் திறந்தார். இதனை முரண் என்று கூறிவிட இயலாது. மக்களின் பொழுதுபோக்கு எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பது அக்காலத்தில் ஒவ்வொரு குடும்பத்திலும் எழுந்த வினா. எங்கள் இல்லத்திலும் படம் பார்க்கச் சென்ற பாட்டனாரும், படக்கொட்டகை இருக்கும் தெருவழியே போகவும் விரும்பாத பாட்டியாரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தனர். இரகுபதி குடும்பத்தைப் பற்றிப் படித்தபோது அவ்விருவரையும் எண்ணிப் பார்த்தேன்.

வெங்கையா இளம் வயதிலேயே சென்னைக்கு வந்து, நிழற்படக் கலையில் தேர்ச்சி பெற்று, சொந்தமாக நிழற்பட நிலையம் அமைத்தார். அன்றைய நிழற்படம் எளிதில் கைவருவதன்று. கண்ணாடித் தகட்டில் படமெடுத்து, இருட்டறையில் மருந்திட்டுக் கழுவி, ஒளியின் அளவைக் கண்ணாலேயே கணிக்க வேண்டும். ஒளியை அளந்தறியும் அப்பயிற்சியே அவரைத் திரைப்படத்தின்பால் ஈர்த்தது எனலாம்.

உடைமையைப் பணயம் வைத்தல்

பிரான்சு நாட்டின் கோமோன் நிறுவனம் கிரானோமெகஃபோன் என்னும் பொறியை உருவாக்கியிருந்தது. படம் காட்டும் கருவியையும் இசைத்தட்டு ஓடும் கருவியையும் ஒரே வேகத்தில் இயங்குமாறு இணைத்து, அழுத்தக் காற்றின் துணையால் ஒலியைப் பெருக்கும் அமைப்பு அது. படத்திலேயே ஒலி பதிவாகும் பேசும்படம் வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, திரையில் தோன்றுபவர் பாடுவது போன்ற காட்சியை அப்பொறி தந்தது.

அதன் விலை 30,000 ரூபாய். இத்தொகையின் பெருமையை உணர ஓர் ஒப்பீடு உதவும். தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் படம் காட்டிய முன்னோடியான கோவை சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டில் திருச்சியில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் தம் படக்கருவியையும் படங்களையும் வாங்கியபோது கொடுத்தது ஏறத்தாழ 2,250 ரூபாய். இருப்புப்பாதை அலுவலகத்தில் வரைவாளராக இருந்த அவருக்கு அதுவே பெருந்தொகை. வெங்கையா கொடுக்க வேண்டியிருந்ததோ அதனினும் பதின்மூன்று மடங்கு. தமக்குச் சோறிட்டு வந்த நிழற்பட நிலையத்தை அடகு வைத்து அப்பணத்தைத் திரட்டினார். அப்போது அவருக்கு நாற்பது வயது. பலர் தேடியதைக் காத்துக்கொள்ள முற்படும் வயதில், அவர் தேடியதனைத்தையும் ஒரு பொறியின் மேல் வைத்தார்.

1910ஆம் ஆண்டில் சென்ட்ரல் நிலையத்தை அடுத்துள்ள விக்டோரியா பொது மண்டபத்தில் அப்பொறியைக் கொண்டு காட்சிகள் நடத்தினார். படமும் ஒலியும் சேர்ந்து வருவதைக் கண்ட மக்கள் வியந்தனர். ஆயினும் இசைத்தட்டுகளோடு இணைந்த படங்கள் மிகக் குறைவே. புதுப்படங்களை இடைவிடாது தருவிக்க இயலாத நிலையில் ஒரே ஊரில் நெடுநாள் காட்சி நடத்துதல் அரிது. பார்த்தவரே மீண்டும் வர மாட்டார். எனவே பாராதவரைத் தேடிச் செல்ல வேண்டியதாயிற்று.

கூடாரத்தோடு பயணம்

வெங்கையா பொறியையும் கூடாரத்தையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். தெலுங்கு நாட்டின் ஊர்கள், பெங்களூர், இலங்கை, பர்மா எனப் பல இடங்களில் காட்சிகள் நடத்தினார். அந்நாளில் சென்னைத் துறைமுகத்துக்கும் ரங்கூனுக்கும் இடையே பயணிக் கப்பல்கள் ஓடின. தமிழரும் தெலுங்கரும் பெருந்திரளாகக் கூலி வேலைக்கும் வாணிகத்துக்கும் அவற்றில் சென்றனர். வங்கக் கடலைக் கடந்து பிழைக்கச் சென்றவர்களைப் பின்தொடர்ந்து வெங்கையாவின் திரையும் சென்றது.

கூடாரக் காட்சி கடும் உழைப்பைக் கேட்பது. திறந்தவெளியில் கம்பம் நட்டுத் துணி கட்ட வேண்டும். காற்றும் மழையும் வந்தால் அன்றைய வருவாய் போயிற்று. படச்சுருள் எளிதில் தீப்பற்றக் கூடியது. ஒளிவிளக்கோ பெருவெப்பம் தருவது. இரண்டும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, கையால் சுழற்றிப் படம் காட்ட வேண்டும். ஒரு பொறி விழுந்தால் கூடாரமே சாம்பலாகும். இவ்வின்னல்களையெல்லாம் தாங்கிய அப்பயணத்தில் ஈட்டிய பொருளோடும் பட்டறிவோடும் அவர் சென்னை திரும்பினார். நிலையான சுவரும் கூரையும் உள்ள அரங்கு இன்றித் திரைப்படத் தொழில் வேரூன்றாது என்பதை அப்பயணம் அவருக்கு உணர்த்தியிருத்தல் வேண்டும். ஏனெனில் திரும்பியதும் அவர் மேற்கொண்ட பணி அதுவே.

கெயிட்டி, கிரௌன், குளோப்

1914ஆம் ஆண்டில் மவுண்ட் ரோட்டு ரவுண்டாணாவின் அருகே கெயிட்டி அரங்கு எழுந்தது. சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டி உரிமையாளராக விளங்கிய முதல் நிலையான திரையரங்கு அதுவே என்பர். அதே ஆண்டில் கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் அரங்கை நிறுவினார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

கெயிட்டி எழுந்த ஆண்டு எளிய ஆண்டன்று. ஐரோப்பாவில் முதல் உலகப் போர் மூண்டது. எம்டன் சுட்ட குண்டுகளால் சென்னையில் எண்ணெய்க் கலங்கள் எரிந்தன. அச்சத்தால் மக்கள் கூட்டம் கூட்டமாக நகரை விட்டு வெளியேறினர். பிரெஞ்சுப் படங்களின் வரத்துக் குறைந்தது. அவ்விடத்தை அமெரிக்கப் படங்கள் நிரப்பின. வாரந்தோறும் சில பகுதிகளாகத் தொடர்ந்து காட்டப்பெற்ற மருமத் தொடர்ப்படங்கள் அக்காலத்தில் பெருங்கூட்டத்தை ஈர்த்தன. கதாநாயகி மலையுச்சியில் தொங்கும் கட்டத்தில் படம் நின்றுவிடும். அவள் பிழைத்தாளா என்றறிய மறுவாரமும் மக்கள் வருவர்.

கெயிட்டியோடு வெங்கையா நின்றுவிடவில்லை. அடுத்துத் தங்கசாலைத் தெருவில் கிரௌன் அரங்கையும், புரசைவாக்கத்தில் பிற்காலத்தில் ராக்சி எனப் பெயர் மாறிய குளோப் அரங்கையும் நிறுவினார். இவ்விரு இடங்களையும் அவர் தேர்ந்தெடுத்தது கருதத்தக்கது. மவுண்ட் ரோடு வெள்ளையரும் செல்வரும் உலவிய வீதி. தங்கசாலையோ வணிகரும் சுமைதூக்குவோரும் தட்டாரும் அச்சுக் கோப்போரும் நெருங்கி வாழ்ந்த பகுதி. அதன் வடக்கே வண்ணாரப்பேட்டையும் இராயபுரமும் அமைந்தன. புரசைவாக்கம் பெரம்பூர் ஆலைப் பகுதிக்கு அண்மையிலுள்ளது. படம் பார்க்க மக்கள் வரட்டும் என்று காத்திராமல் மக்கள் வாழும் இடத்துக்கே அரங்கைக் கொண்டு சென்றார் அவர். கூடாரத்தோடு அலைந்து கற்ற பாடம் இதுவே போலும்.

காலமும் அவருக்குத் துணை நின்றது. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் பேசின் பாலத்தருகே அமைந்த மின்நிலையம் நகருக்கு மின்னாற்றலை வழங்கத் தொடங்கியது. 1895 முதல் ஓடிய டிராம் வண்டிகள் நகரின் பல பகுதிகளை இணைத்தன. வடசென்னையில் பிறந்த மின்னாற்றலும், வடசென்னைத் துறைமுகத்தில் இறங்கிய படச்சுருளும், வடசென்னை உழைப்பாளியின் காலணாவும் அரையணாவும் ஒன்றுகூடிய இடமாக அரங்கு விளங்கியது.

ஊமைப்பட அரங்கு ஊமையாக இருந்ததில்லை. திரையருகே வாத்தியக்காரர் இசைத்தனர். எழுத்தறியாதார் பொருட்டுக் கதையை உரக்க எடுத்துரைப்போரும் அந்நாளைய அரங்குகளில் இருந்தனர். தரையில் அமர்வோர் முன்னும், நாற்காலியில் அமர்வோர் பின்னுமாகக் கட்டணத்துக்கேற்ப இடம் அமைந்தது. ஆயினும் கோயிலிலும் குளத்திலும் தெருவிலும் ஒதுக்கி வைக்கப்பட்டவர், நுழைவுச்சீட்டு வாங்கும் அளவில் மற்றவரோடு ஒரே கூரையின் கீழ் ஒரே இருளில் அமரும் வாய்ப்பைத் திரையரங்கு தந்தது. இம்மாற்றத்தின் அளவை இன்று நாம் எளிதில் உணர்வதில்லை.

மகனும் கண்ணாடி நிலையமும்

வெளிநாட்டுப் படங்களைக் காட்டுவதோடு வெங்கையா நிறைவடையவில்லை. நம் கதைகளை நாமே படமாக்க வேண்டும் என விழைந்தார். வடக்கே தாதாசாகேப் பால்கே 1913ஆம் ஆண்டில் அரிச்சந்திரன் கதையைப் படமாக்கி வெளியிட்டிருந்தார். சென்னையில் நடராச முதலியார் கீசகவதம் என்னும் படத்தைத் தயாரித்துத் தென்னிந்தியாவின் முதல் முழுநீளப் படத்தைத் தந்த பெருமையைப் பெற்றார்.

வெங்கையா தம் மகன் சூரிய பிரகாசத்தை இத்துறையைக் கற்றுவர இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1901ஆம் ஆண்டில் பிறந்த அவ்விளைஞர், இலண்டன் அருகே ஈலிங்கில் இருந்த பார்க்கர் படநிலையத்தில் பயின்றார். செருமனி, அமெரிக்கா முதலிய நாடுகளின் படத்தொழிலையும் கண்டறிந்தார். மகனை வழக்கறிஞராகவோ அரசு அலுவலராகவோ ஆக்கக் கடல் கடந்து அனுப்பிய தந்தையர் அக்காலத்தில் உண்டு. படம் எடுக்கக் கற்றுவர அனுப்பிய தந்தை அரியவர்.

மகன் திரும்பியதும் தந்தையும் மகனும் ஸ்டார் ஆஃப் தி ஈஸ்ட் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்கள் அமைத்த படநிலையம் கண்ணாடிக் கூரை கொண்டது. மின்விளக்கால் படமெடுக்கும் வசதி இல்லாத நாளில், கதிரவன் ஒளி கூரை வழியே உள்ளே விழ, அதனை வெண்துணியால் தணித்துப் படமெடுப்பர். 1921ஆம் ஆண்டில் பீஷ்ம பிரதிக்ஞை என்னும் படம் வெளிவந்தது. பிரகாசமே பீஷ்மராக நடித்து இயக்கினார். நம் பெண்டிர் நடிக்க முன்வராத காலமாதலால், கங்கையாக ஆங்கிலோ-இந்தியப் பெண்மணி ஒருவர் நடித்தார். தெலுங்கர் இதனைத் தம் மொழியின் முதற்படமாகக் கொண்டாடுகின்றனர். ஆயின் ஊமைப்படத்துக்கு மொழியேது? சென்னையில் எடுக்கப்பெற்று, தமிழரும் தெலுங்கரும் ஒருங்கே கண்ட அப்படம் இருவருக்கும் பொதுவுடைமை எனக் கொள்ளுதலே பொருந்தும்.

இதே காலத்தில் மணிலாவிலும் இதையொத்த நிகழ்ச்சி ஒன்று நடந்தது. ஒசே நெப்போமுசேனோ என்னும் நிழற்படக் கலைஞர் தம் நிழற்பட நிலையத்தை விற்று, 1917ஆம் ஆண்டில் படநிறுவனம் தொடங்கினார். 1919ஆம் ஆண்டில் மேடையில் புகழ்பெற்ற ஓர் இசைநாடகத்தைத் தழுவி, தலாகங் புக்கிட் என்னும் படத்தை வெளியிட்டார். நாட்டுப்புற மங்கை என்பது அதன் பொருள். பிலிப்பைன்சு நாட்டவர் ஒருவர் எடுத்த முதல் கதைப்படம் அதுவே. அவரும் நிழற்படக்காரர், பால்கேயும் நிழற்படம் கற்றவர், வெங்கையாவும் அவ்வாறே. அயலார் கொணர்ந்த பொறியைத் தன் மக்களின் கலையாக மாற்றும் பணியை, ஊர்தோறும் கைவினையறிந்த தனிமனிதர் ஒருவர் தம் உடைமையைப் பணயமாக வைத்தே தொடங்கியுள்ளார்.

இழப்பும் எஞ்சியதும்

பணயம் வைத்தவர் எல்லாரும் வெல்வதில்லை. ஸ்டார் ஆஃப் தி ஈஸ்ட் நிறுவனம் கஜேந்திர மோட்சம், நந்தனார் முதலிய கதைகளைப் படமாக்கிற்று. செலவு முன்னே சென்றது. வருவாய் பின்னே வந்தது. படத்தயாரிப்பின் கடனை அரங்குகள் தாங்க வேண்டியதாயிற்று. இறுதியில் கெயிட்டி, கிரௌன், குளோப் ஆகிய மூன்றும் வெங்கையாவின் கையை விட்டுப் போயின. கூடாரத்தில் தொடங்கி ஒவ்வொரு கல்லாக அவர் அடுக்கியவை பிறர் உடைமையாயின. அரங்குகளில் விளக்கு எரிந்தது, திரை உயர்ந்தது, மக்கள் வந்தனர், கட்டியவர் மட்டும் அங்கில்லை.

1931 அக்டோபர் 31ஆம் நாள் தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் வெளியாயிற்று. பின்னாளில் முருகன் டாக்கீஸ் எனப்பட்ட அவ்வரங்கு கிரௌன் இருந்த தங்கசாலை வட்டாரத்தைச் சேர்ந்ததே. படமும் ஒலியும் இணைய வேண்டுமென்று இருபத்தோராண்டுகளுக்கு முன் தம் உடைமையை அடகு வைத்தவருக்கு அப்போது வயது அறுபத்திரண்டு.

இழப்போடு அவர் கதையை முடித்தல் நேர்மையாகாது. அவர் நிறுவனத்தில் தொழில் பழகியோர் பின்னாளில் தென்னிந்தியத் திரைப்படத்தின் தூண்களாயினர். அவர்களுள் சி. புல்லையா காக்கிநாடாவுக்குச் சென்று ஊமைப்படம் எடுத்தார். 1934ஆம் ஆண்டில் லவகுசா என்னும் பேசும்படத்தை இயக்கிப் பெரும்புகழ் பெற்றார். பிரகாசமும் பேசும்படக் காலத்தில் தமிழ், தெலுங்குப் படங்களை இயக்கினார். கடன்காரர்கள் கட்டடங்களை எடுத்துக்கொண்டனர். கற்றுக்கொடுத்த தொழிலை எடுத்துக்கொள்ள அவர்களால் இயலவில்லை.

1941 மார்ச்சு 15ஆம் நாள் வெங்கையா மறைந்தார். 1980ஆம் ஆண்டில் ஆந்திர அரசு, திரைத்துறையில் வாழ்நாள் தொண்டாற்றியோருக்கு அவர் பெயரால் விருது ஒன்றை ஏற்படுத்தியது. தெலுங்குத் திரையுலகின் தந்தை என அவரைப் போற்றுகின்றனர்.

நிறைவுரை

வெங்கையா நிறுவிய மூன்று அரங்குகளுள் ஒன்றும் இன்று திரையரங்காக இல்லை. அவர் நிறுவனத்தின் படச்சுருள்களும் காலத்தால் அழிந்தன. கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய அரங்கின் பெயரை வெரைட்டி ஹால் சாலை தாங்கி நிற்கிறது. தங்கசாலையில் நடந்து செல்வோருக்கு வெங்கையாவை நினைவூட்டும் தெருப்பெயர் ஒன்றும் இல்லை. ஆந்திரம் அவரைத் தெலுங்கர் எனப் போற்றுகிறது. தெலுங்கர் என்பதாலேயே தமிழகம் அவரை மறந்ததோ என ஐயுற வேண்டியுள்ளது. அவர் அரங்கு கட்டியதோ நம் தெருவில். அதில் அமர்ந்தவரோ நம் பாட்டனார்.

அண்மையில் என் வகுப்பு மாணவர்களிடம் தத்தம் தெருவின் வரலாற்றை எழுதிவரப் பணித்தேன். துறைமுகத்தைப் பற்றியும் இருப்புப்பாதையைப் பற்றியும் சிறப்பாக எழுதினர். தம் குடும்பத்து முதியோர் முதன்முதலில் படம் பார்த்த இடத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அது வரலாறு எனக் கருதப்படாமையே காரணம். நாற்பது வயது வரை நானும் அவ்வாறே இருந்தவன் என்பதால் அவர்களைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்து முதியோர் இன்னும் நம்மோடு உள்ளனர். அவர்கள் நடந்து சென்ற தெருக்களையும், மறைந்துபோன கட்டடங்களையும், அவற்றை எழுப்பியவர்களையும் பற்றி இன்றே கேட்டு எழுதி வையுங்கள். என் பாட்டனாரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய வினாக்கள் பல. கிரௌனில் அவர் கண்ட முதற்படம் எது என்பதும் அவற்றுள் ஒன்று. அதற்கு விடை கூற இன்று ஒருவரும் இல்லை. அத்தகைய இழப்பு உங்களுக்கு நேராதிருக்கட்டும்.